முறிந்த இரும்பிற் கற்றவர்: ஸர் ஹென்றி ராய்ஸ்

நூல்களைக் கற்று உயர்ந்தோர் உலகிற் பலர். நல்லாசிரியரை அடுத்து உயர்ந்தோரும் பலர். முறிந்து கிடந்த இரும்புத் துண்டுகளையே நூலாகவும் ஆசிரியனாகவும் கொண்டு உயர்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஸர் ஹென்றி ராய்ஸ் ஆவர். ரோல்ஸ்-ராய்ஸ் என்னும் பெயரைக் கேளாதார் அரியர். ஆயினும் அப்பெயரின் பிற்பாதிக்கு உரியவர் எத்தகைய வறுமையிற் பிறந்தார், எவ்வினாவை வாழ்நாள் முழுதும் விடாது பற்றினார் என்பவற்றை அறிந்தோர் பலரல்லர். எஞ்சினின் உறுப்பு ஏன் முறிகின்றது என்பதே அவ்வினா. உறுப்புக்களுள்ளும் பெரும்பாடு படுவது, பட்டறையோர் கனெக்டிங் ராடு என வழங்கும் இணைப்புத் தண்டு. ஆதலின், அத்தண்டின் குற்றங்களையும் முறிவுகளையும் இடையிடையே விளக்கி, இப்பெரியாரின் வரலாற்றை யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அணித்தாகிய ஆல்வால்ட்டன் என்னும் சிற்றூரில் 1863 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் ஹென்றி பிறந்தார். தந்தையார் மாவாலைத் தொழிலினர். அத்தொழில் நொடிந்து போகவே, குடும்பம் லண்டன் மாநகரை நாடியது. 1872 ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தார். அப்பொழுது ஹென்றிக்கு வயது ஒன்பது. பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய பருவத்திலே அச்சிறுவர் தெருவிற் செய்தித்தாள் விற்றார்; பின்னர்த் தந்திச் செய்திகளை வீடுதோறும் கொண்டு சென்று கொடுத்தார். முறையாகப் பள்ளியிற் பயின்ற காலம் மிகக் குறைவு. வயிறார உண்டிலாத அவ்விளமையே பிற்காலத்தில் அவருடலை வருத்திய நோய்களுக்கு ஒரு காரணமாயிற்று என்று அவர் வரலாற்றை எழுதியோர் கருதுவர்.

1878 ஆம் ஆண்டில் அத்தை ஒருவர் மனமிரங்கிப் பொருளுதவினார். அதனால் ஹென்றி, கிரேட் நார்தர்ன் இரயில்வேயின் பீட்டர்பரோப் பட்டறையில் தொழில் பயிலச் சேர்ந்தார். நீராவி எஞ்சின் ஓடக் கண்டோர், பெருஞ்சக்கரத்தின் பக்கத்தே முன்னும் பின்னும் ஓடிப் பளபளத்த நீண்ட தண்டினை மறவார். நீராவி தள்ளிய பிஸ்டனின் நேரோட்டத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றியது அத்தண்டே. அத்தகைய எஞ்சின்கள் பழுதுபார்க்கப்பட்ட இடமே ஹென்றியின் முதற் கல்லூரி. மூன்று ஆண்டுகள் சென்றபின் அத்தையின் பொருள் வற்றியது. தொழிற்பயிற்சி குறையாய் நின்றது. வேலை தேடி லீட்ஸ் நகரை அடைந்து, கருவி செய்யும் பட்டறையிற் சிறு கூலிக்கு நெடுநேரம் உழைத்தார். பின்னர் லண்டனில் மின்விளக்குக் கம்பெனி ஒன்றில் அமர்ந்து, இரவு வகுப்புக்களில் மின்னியல் பயின்றார்.

1884 ஆம் ஆண்டில், தாம் சேர்த்து வைத்த இருபது பவுனை முதலாக்கி, எர்னஸ்ட் கிளேர்மாண்ட் என்னும் நண்பரோடு கூடி, மாஞ்செஸ்டர் நகரில் குக் தெருவிலே சிறு பட்டறை ஒன்று தொடங்கினார். முதலில் மின்மணிகளும், பின்னர் மின்னாக்கிகளும், மின்விசையால் இயங்கும் பாரந்தூக்கிகளும் அங்கே செய்யப்பட்டன. ராய்ஸ் செய்த பொருள் பழுதுபடாது என்னும் நற்பெயர் பரவிற்று. அப்பெயருக்கு அவர் கொடுத்த விலை பெரிது. உணவையும் உறக்கத்தையும் மறந்து உழைத்தார். பட்டறையில் அவர் செல்லுமிடமெல்லாம் பாற்குவளை ஏந்திய சிறுவன் ஒருவன் பின்தொடர்ந்து, அவரை உண்பிக்க முயன்றான் என்று சொல்லுவர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சு நாட்டு டெக்காவில் மோட்டார் வண்டி ஒன்றை அவர் வாங்கினார். அதன் ஓசையும் அதிர்வும் அவருக்கு மனநிறைவு தரவில்லை. வண்டியைப் பிரித்து உறுப்பு உறுப்பாய் ஆராய்ந்தார். அதனினும் சிறந்ததொன்றைத் தாமே செய்யத் துணிந்தார். இரண்டு சிலிண்டரும் பத்துக் குதிரைச் சக்தியும் உடைய அவரது முதல் வண்டி 1904 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள் வீதியில் ஓடியது. அடுத்த மாதம் 4 ஆம் நாள் மாஞ்செஸ்டர் மிட்லண்டு ஓட்டலில் சார்லஸ் ரோல்ஸ் என்னும் செல்வக் குடி இளைஞர் அவரைச் சந்தித்தார். பிரபுவின் மகனும் தந்தி கொண்டு சென்ற ஏழை மகனும் கைகோத்த அந்நாளே ரோல்ஸ்-ராய்ஸ் என்னும் பெயரின் பிறந்தநாள்.

இனி, இணைப்புத் தண்டின் இயல்பைச் சிறிது நோக்குவோம். எஞ்சினுள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். சுழல்வது கிராங்க் என்னும் வளைதண்டு. இவ்விரண்டையும் கோப்பது இணைப்புத் தண்டு. அதன் சிறுதலை பிஸ்டனோடு ஒரு முளையாற் பிணைக்கப்படும். அதன் பெருந்தலை, பட்டறைப் பேச்சில் பிக் எண்ட், இரு பாதியாய்ப் பிரிந்து வளைதண்டின் முளையைத் தழுவி, போல்ட்டுகளால் இறுக்கப்பட்டு நிற்கும். பெருந்தலையினுள்ளே மென்மையான உலோகம் பூசிய பேரிங் அமையும். எரிவாயு வெடிக்குங்கால் தண்டு நசுக்கப்படுகின்றது. புகையை வெளியேற்றி மேலேறிய பிஸ்டனைத் தடுத்து நிறுத்தித் திருப்புங்கால் அது இழுக்கப்படுகின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுழலின், பிஸ்டன் இரண்டாயிரம் முறை நின்று திரும்பும். அதனை நிறுத்துவதும் திருப்புவதும் பெரும்பாலும் தண்டின் கடமையே. சுழற்சி இருமடங்காயின் அவ்விழுவை நான்கு மடங்காகும். எஞ்சினை அளவு கடந்து விரைய விடுவோர் தண்டினை முறிப்பது இதனாலேயாம்.

தண்டின் கேடுகளுள் முதற்கண் வைக்கத்தக்கது எண்ணெய்க் குறை. பேரிங்குக்கும் வளைதண்டின் முளைக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கும்வரை உலோகம் உலோகத்தைத் தீண்டாது. படலம் அற்றவுடன் உராய்வால் வெப்பமேறும், பேரிங்கின் மென்மையான உலோகம் உருகி வழியும், இடைவெளி அகலும். அப்பொழுது எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து டக் டக் என்னும் ஓசை எழும். கைதேர்ந்த மெக்கானிக் அவ்வோசையைக் கேட்ட அளவிலே வண்டியை நிறுத்துவான். கேளாது ஓட்டுவானாயின், தண்டு கட்டற்று எஞ்சினின் சுவரையே துளைத்து வெளிப்படுதலும் உண்டு. 1906 ஆம் ஆண்டில் வெளிவந்து பின்னர்ச் சில்வர் கோஸ்ட் எனப் புகழ்பெற்ற வண்டிக்கு ராய்ஸ் அமைத்த எஞ்சினில், வளைதண்டு உட்டுளை உடையதாயிருந்தது. பம்பு ஒன்று எண்ணெயை அத்துளை வழியே அழுத்தி ஒவ்வொரு பெருந்தலைக்கும் ஊட்டியது. எண்ணெய் தெறித்து விழுந்தவிடத்து விழுக என விட்டிருந்த எஞ்சின்கள் மலிந்த காலத்தில் அவர் இதனைச் செய்தார்.

இரண்டாவது, போல்ட்டின் குற்றம். பெருந்தலையின் போல்ட்டைக் குறைய இறுக்கினால் அது ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து அசைந்து கெடும். மிக இறுக்கினால் நீண்டு வலியிழக்கும். ஒரு போல்ட் அற்றால் அதன் சுமை முழுதும் மற்றொன்றின் தலையில் விழும். முறிந்த தண்டையே பழிப்போர் பலர். உண்மையிற் பிழை செய்தது சிறு போல்ட்டாக இருத்தலும் உண்டு. ராய்ஸ் போல்ட்டினைச் சிறு பொருளாக எண்ணினாரல்லர். வண்டியின் அடிச்சட்டத்துக்குங்கூடத் துளையை இழைத்து, அதிற் சிறிதும் இடைவெளியின்றி ஒட்டிப் பொருந்தும் கூம்பு வடிவப் போல்ட்டுகளை அமைக்கச் செய்தார்.

மூன்றாவது, சிலிண்டரினுள் நீர் புகுதல். வாயுவை அழுத்தலாம், நீரை அங்ஙனம் அழுத்தல் இயலாது. ஆதலின் மேலேறும் பிஸ்டன் நீரில் முட்ட, இடையே அகப்பட்ட தண்டு வளையும். வளைவு சிறிதாயின் எஞ்சின் பின்னும் ஓடும். உரிமையாளன் இடர் நீங்கிற்று என மகிழ்வான். ஆயினும் கோணிய தண்டு பேரிங்கை ஒருபுறமே தேய்த்து, பிஸ்டனைச் சிலிண்டரின் சுவரோடு சாய்த்து, பல நாள் கழித்து முறியும்.

நான்காவதாகிய கேடு மிக நுட்பமானது. அதனை உலோக அயர்ச்சி என்பர். ஒரு முறை ஏற்றினால் இரும்பு எளிதில் தாங்கும் சுமையே, பல இலட்சம் முறை மாறி மாறி ஏற்றப்படுங்கால் அதனை முறித்துவிடும். பிரஷ்ய நாட்டு வோலர் என்னும் பொறியறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகைவண்டி அச்சுக்களைக் கொண்டு இவ்வுண்மையை ஆராய்ந்து நிறுவினார். அயர்ச்சியால் வரும் வெடிப்பு பெரும்பாலும் மேற்பரப்பிலே, ஒரு கீறலிலோ, உளி பட்ட வடுவிலோ, கூரிய மூலையிலோ தோன்றும். பின்னர் நாடோறும் மயிரளவாய் உள்ளே பரவும். முறிந்த முகத்தை நோக்கினால், வெடிப்பு மெல்லப் பரவிய பகுதி வழவழப்பாய்ச் சிப்பியோட்டின் வரிகள் போன்ற வரிகளோடு தோன்றும். இறுதியில் ஒரே நொடியில் அற்ற பகுதி கரடுமுரடாய் நிற்கும். வரிகள் எங்குத் தொடங்கின என்று கண்டால் பிழை பிறந்த இடம் விளங்கும். சிறந்த எஞ்சின்களின் தண்டுகளை முழுதும் கடைந்து கண்ணாடிபோல் மெருகிடுவது அழகு கருதியன்று. வெடிப்புக்குப் புகலிடம் இல்லாதபடி செய்தற்கேயாம்.

முறிவின் காரணத்தை ராய்ஸ் எங்ஙனம் தேடினார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கம்பெனி முதலில் வெளியிட்ட ஆறு சிலிண்டர் வண்டிகளில் வளைதண்டுகள் முறிந்தன. தண்டினைத் தடிப்பாக்கினாற் போதும் என்று மற்றொருவர் அமைந்திருக்கலாம். நீண்ட வளைதண்டு சுழலுங்கால் முறுக்குண்டு முறுக்கவிழ்ந்து அதிர்கின்றது. ஒரு குறித்த வேகத்தில் அவ்வதிர்வு தனக்குத்தானே துணையாகிப் பெருகுகின்றது என்பதனை ராய்ஸ் உணர்ந்தார். சில்வர் கோஸ்டின் வளைதண்டைப் பருமனாக்கி, ஏழு பேரிங்குகளால் தாங்குவித்தார். பின்னர் அதிர்வை அடக்கும் கருவியையும் அதனோடு சேர்த்தார்.

1907 ஆம் ஆண்டில் அவ்வண்டி இராயல் ஆட்டோமொபைல் கிளப்பினர் கண்காணிக்க ஏறத்தாழ 15,000 மைல் ஓடியது. அதன்பின் அவர்கள் அதனைப் பிரித்து அளந்தபொழுது, மாற்ற வேண்டியவை மிகச் சில சிற்றுறுப்புக்களே எனக் கண்டனர். 1908 ஆம் ஆண்டில் டார்பி நகரிற் புதிய தொழிற்சாலை எழுந்தது. அங்கே வண்டியை நின்றவிடத்திலேயே குலுக்கி, பல்லாயிரம் மைல் கெட்ட சாலையில் ஓடியதற்கு ஒப்பாக வருத்தும் பொறி ஒன்று நிறுவப்பட்டது. வாங்கியவன் வழியிற் காணவேண்டிய முறிவைத் தாம் முன்னரே தொழிற்சாலையிற் காணவேண்டும் என்பதே ராய்ஸின் கொள்கை.

இங்கு யாம் மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. இரும்புக்கு அயர்ச்சி உண்டென்பதை அத்துணை நுட்பமாய் அறிந்த இவர், தம் உடலுக்கும் அஃதுண்டென்பதை அறிந்திலர். 1910 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நண்பர் ரோல்ஸ் விமான விபத்தில் மாண்டார். 1911 ஆம் ஆண்டில் ராய்ஸின் உடல்நலம் முற்றும் குலைந்தது. அடுத்த ஆண்டிற் கடினமான இரண சிகிச்சை செய்யப்பட்டது; அவர் நெடுநாள் வாழார் என்று மருத்துவர் அஞ்சினர். இல்வாழ்க்கையும் இனிது நிலைக்கவில்லை; அவரும் மனைவியாரும் பிரிந்து வாழ்ந்தனர். ஒவ்வொரு பேரிங்குக்கும் எண்ணெய் சென்று சேர வழி செய்தவர், தம் வாழ்வுக்கு ஓய்வு என்னும் எண்ணெயை ஊட்டினாரல்லர். ஏழாம் நாள் ஓய்வு மனிதனுக்காகவே வகுக்கப்பட்டதென்று கற்றுள்ள நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

எனினும் இறைவன் அவருக்கு இன்னும் இருபதாண்டு வாழ்வைக் கூட்டித் தந்தான். கம்பெனியை நடத்திய கிளாட் ஜான்சன் அவரைத் தொழிற்சாலையின் ஆரவாரத்தினின்றும் விலக்கி, குளிர்காலத்தில் தென்பிரான்சின் கடற்கரையிலும், மற்றைக் காலத்தில் இங்கிலாந்தின் தென்கரையிலும் வாழச் செய்தார். வரைவாளர் சிலர் அவரோடிருந்தனர். வரைபடங்களும் கடிதங்களும் டார்பிக்குச் சென்றன. முறிவுகளைப் பற்றிய அறிக்கைகள் அவரை நோக்கி வந்தன. முதல் உலகப்போர் மூண்டபின் இங்ஙனம் பிறந்ததே ஈகிள் என்னும் விமான எஞ்சின். முதலில் 225 குதிரைச் சக்தியாக இருந்த அதன் ஆற்றல், போர் முடிவதற்குள் 360 ஆயிற்று. எஞ்சினை முழுவிசையில் ஓட்டுவர், ஏதேனும் ஓருறுப்பு முறியும், அதனைத் திருத்துவர், மீண்டும் ஓட்டுவர், மற்றொன்று முறியும். மிக எளிய உறுப்பைத் தேடித் தேடி வலிமையாக்கும் இம்முறையே அவ்வளர்ச்சியின் மறைபொருள். 1919 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆல்காக், பிரௌன் என்னும் இருவர் அட்லாண்டிக் பெருங்கடலை இடைநில்லாது பறந்து கடந்தனர். அவரைச் சுமந்து சென்றவை இரண்டு ஈகிள் எஞ்சின்களே.

1928 ஆம் ஆண்டில், ஷ்னைடர் கோப்பைக்குரிய விமானப் பந்தயத்துக்குப் புதிய எஞ்சின் வேண்டப்பட்டது. வெஸ்ட் விட்டரிங் என்னும் ஊரின் கடற்கரையில் ராய்ஸ் தம் பொறியாளருடன் உலாவுங்கால், கைத்தடியால் மணலிலே அதன் வடிவை வரைந்து காட்டினார் என்பது புகழ்பெற்ற செய்தி. அவ்வெஞ்சினுக்கு ஆர் என்னும் ஒற்றை எழுத்தே பெயராயிற்று. 1929 ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு முந்திய இரவில், எஞ்சினின் பிளக் ஒன்றில் உலோகத் துணுக்கு ஒட்டியிருப்பதைப் பணியாளர் கண்டனர். உள்ளே பிஸ்டன் ஒன்று பழுதுற்றதற்கு அஃது அடையாளம். எஞ்சினை மாற்ற விதி இடந்தரவில்லை. சிலிண்டர்த் தொகுதியை மாற்றலாம். பந்தயம் காண டார்பியிலிருந்து வந்து விடுதிகளில் உறங்கிய தொழிலாளரை எழுப்பிக் கொணர, அவர் விடியுமுன் அதனை மாற்றி முடித்தனர். அவ்விமானமே மறுநாள் வென்றது. ஒரு துணுக்கு உலோகத்தை அற்பமென்று துடைத்தெறியாத கண்ணே அவ்வெற்றிக்கு முதற் காரணம்.

1931 ஆம் ஆண்டில் அதே எஞ்சினிடம் 2,300 குதிரைச் சக்தி எதிர்பார்க்கப்பட்டது. அது நிமிடத்துக்கு 3,200 சுற்றுச் சுழலவேண்டும். எனவே ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு வினாடியில் நூறு முறைக்கு மேல் நின்று திரும்பும். பன்னிரண்டு சிலிண்டர்கள் இரு வரிசையாய்ச் சாய்ந்து நிற்கும் அவ்வெஞ்சினில், எதிரெதிரான இரு தண்டுகள் வளைதண்டின் ஒரே முளையைப் பற்றும். முதலில் ஒரு தண்டு கவைபோற் பிளந்திருக்க, மற்றொன்று அக்கவையினுட் புகுந்து பற்றியது. புதிய வேகத்தில் அவ்வமைப்பின் பெருந்தலைப் பேரிங்குகள் பழுதுற்றன. ஆதலின் ஒன்றைத் தலைமைத் தண்டாக்கி, மற்றதை அதன் தோளிற் கோத்தனர். அதனால் ஒரு வரிசையில் பிஸ்டனின் ஓட்டம் சிறிது நீண்டது. அவ்வரிசையின் சிலிண்டர்களையும் நீட்டவேண்டியதாயிற்று. ஒரு குற்றத்தை நீக்கப் புகுந்தால் மற்றொன்று தலைதூக்கும் என்பதற்கு இது சான்று. ரௌலெட்ஜ், ஹைவ்ஸ், லவ்ஸி முதலியோர் டார்பியில் இரவு பகலாய் உழைத்தனர். செப்டம்பர் 13 ஆம் நாள் கோப்பை வெல்லப்பட்டது. 29 ஆம் நாள் அவ்வெஞ்சின் பூண்ட விமானம் மணிக்கு 407.5 மைல் வேகத்திற் பறந்தது. மனிதன் 400 மைல் வேகத்தைக் கடந்தது அதுவே முதன்முறை.

1930 ஆம் ஆண்டில் ராய்ஸுக்குப் பாரோனெட் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அதன் பின்னரும் அவர் தம்மை ஒரு மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார். 1933 ஆம் ஆண்டு ஏப்ரல் 22 ஆம் நாள் வெஸ்ட் விட்டரிங்கில் அவர் உயிர் நீத்தார். மக்கட்பேறு இன்மையின் பட்டமும் அவரோடு முடிந்தது. அவர் காலத்திலே வரையத் தொடங்கிய மற்றொரு எஞ்சின் அவ்வாண்டின் பிற்பகுதியில் முதன்முறை ஓடியது. மெர்லின் எனப் பெயர்பெற்று, இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்பயர் முதலிய விமானங்களைத் தாங்கியது அதுவே. அதன் தண்டுகள் பழைய கவையமைப்பையே மேற்கொண்டன. அவருடைய சாம்பல் அவர் பிறந்த ஆல்வால்ட்டன் ஊர்த் திருக்கோயிலில் வைக்கப்பட்டுள்ளது.

இவர் வரலாற்றால் நாம் அறியத்தக்கன இரண்டு. பிழை நேர்ந்தால் அதனை மண்ணிற் புதைத்து மறைப்பது மாந்தர் இயல்பு. ராய்ஸோ முறிந்த இரும்பை மேசைமேல் வைத்து, வெடிப்பு எங்கே தொடங்கிற்று என வினவினார். தேர்வில் தவறிய மாணவனும், முயற்சியிற் சறுக்கிய இளைஞனும், தம் முறிவின் முகத்தை அஞ்சாது நோக்குவாராயின், அதுவே அவர்க்கு நல்லாசிரியனாகும். மற்றொன்று, பெருமுறிவு பெரும்பாலும் சிறு கீறலிலே தொடங்குகின்றது. நம் நடையிலும் நட்பிலும் தோன்றும் சிறு கீறல்களை இன்றே மெருகிட்டு நீக்குதல் நன்று; ஓசை எழுந்தபின் வருந்துதலாற் பயனில்லை. சிறியவற்றில் உண்மையாயிருந்த ஊழியனுக்கே பெரியவை ஒப்புவிக்கப்படும் என்னும் தாலந்து உவமையின் பொருளை, வேதநூலில் மட்டுமன்றி எண்ணெய் படிந்த பட்டறையிலும் நாம் கண்டோம்.